ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள்

மலேசியாவின் ஜொகூர் மண்ணில் நான் பேசிய முதல் வார்த்தை "ஐயோ" என்பதுதான்.

சுங்கச் சோதனை மேசையில், தலையில் முக்காடு அணிந்த ஓர் இளம்பெண் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே மகளின் கல்யாணப் பத்திரிகை, ஒரு வேட்டி, ஒரு பட்டுப்புடவை, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு. திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன் சொந்தக்காரர் வீட்டுக்குப் பூட்டு கொண்டுபோகாமல் வேறு எதைக் கொண்டுபோவான்? பூட்டை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பாட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தீர்ப்பு வாசித்து முடித்துவிட்டாற்போல் இருந்தது.

ஓரமாக நிற்கச் சொல்லிக் கை காட்டியதும் கைபேசியை எடுத்து மச்சானை அழைத்தேன். மச்சான் என்றால் என் மனைவி கோமதியின் ஒன்றுவிட்ட அண்ணன் ராசப்பன். அவருடைய தாத்தா அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். அந்தக் கிளை அங்கேயே வேர் பிடித்துவிட்டது. நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, வாட்ஸப் உறவுதான். "அண்ணனுக்குத் தபால்ல அனுப்பினா மரியாதை இல்ல, தாம்பூலம் வச்சு நேர்ல அழைச்சிட்டு வாங்க" என்று கோமதி உத்தரவிட்டதால்தான் இந்தப் பயணமே.

"ஐயோ மச்சான், என்னைய உள்ள வச்சிருவாங்க போலருக்கு! ஊறுகாய்ல என்னமோ இருக்காம்! நான் வெளிய வரலைன்னா கோமதிகிட்ட சொல்லிருங்க, பீரோ சாவி அரிசி டப்பாக்குள்ள இருக்கு! அடில! அரிசிக்குள்ள கைய விட்டாத்தான் கிடைக்கும்!"

"மாப்ள, மாப்ள, பயப்படாதீங்க" என்றது எதிர்முனை. பின்னணியில் கிளாஸ்கள் மோதும் சத்தமும், யாரோ நம் 'அடக்கடவுளே' மாதிரி மலாயில் "அலமாக்!" என்று சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. வெளிநாட்டு நெட்வொர்க்கில் குறுக்குப் பேச்சு விழுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இதைச் சோற்றோடு சாப்பிடுவீர்களா, ரொட்டியோடா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோறு என்றேன். தலையாட்டிவிட்டு மூடித் தந்தார். அவ்வளவுதான் விசாரணை.

அன்றிரவு கெலாங் பாத்தாவில் தங்கல். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலம் பக்கத்தில்தான். சாலைகள் வழுவழுவென்று கிடக்கின்றன. விடுதி வாசலில் இருந்து பார்த்தால் ஒரு பேரங்காடி, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பது ஒன்று. சாப்பாட்டுக்கு ஜொகூர் லக்சா என்றார்கள். மீன் குழம்பை இத்தாலிக்காரன் நூடுல்ஸில் ஊற்றிக் கையால் சாப்பிடச் சொல்லும் தைரியம் உலகத்தில் வேறு யாருக்கும் இருக்காது. முதல் கவளத்தில் சந்தேகப்பட்டேன். கடைசிக் கவளத்தில் தட்டையே சந்தேகமாகப் பார்த்தேன், எங்கே போனது என்று.

மறுநாள் மச்சானின் ஊரான பாலோவுக்குப் பயணம். காரில் அழைத்துவர ஆள் அனுப்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "பஸ்ல வாங்க மாப்ள, அப்பத்தான் எங்க ஊரு எங்க இருக்குன்னு புரியும்" என்றார். பேருந்து நிலையத்தில் பலகைகள் எல்லாம் மலாயில். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் ஒரு பஸ்ஸில் ஏறினார். இவ்வளவு திருநீறு பூசியவர் தப்பான ஊருக்குப் போகமாட்டார் என்று நம்பி நானும் ஏறினேன். அவர் தப்பான ஊருக்குப் போகவில்லைதான். அவருக்குச் சரியான ஊர் பத்து பாகாட். அங்கே துணி ஆலையில் காவல் வேலை. எனக்குத்தான் அது தப்பான ஊர்.

கடலோரக் காற்று வீசும் பத்து பாகாட் நிலையத்தில் நின்றுகொண்டு மறுபடி மச்சானை அழைத்தேன். "மச்சான், தொலைஞ்சு போயிட்டேன்! இங்க யாரும் என்னைய மாதிரியே இல்ல!"

பதில் ஒரு குரலில் வரவில்லை. "குளுவாங் பஸ் ஏறச் சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். "மொதல்ல சாப்பிடச் சொல்லு, பசில பயம் கூடும்" என்றது இன்னொன்று. "டிரைவர்ட்ட பாலோ பாலோன்னு சொல்லிக்கிட்டே இருக்கச் சொல்லு லா" என்றது, அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு 'லா' என்று வால் வைத்த ஒரு கரகரத்த ஆண் குரல். மச்சான் வீட்டில் இவ்வளவு பேரா என்று வியந்தபடி, சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். குளுவாங் போய், வேறு பஸ் மாறி, எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போனேன். எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதே மரம், அதே வரிசை. நம் ஊர் தென்னந்தோப்பில் நாலு மரத்துக்கு ஒரு கட்டிலாவது கிடக்கும். இங்கே மரத்தைத் தவிர ஒன்றுமில்லை. கெலாங் பாத்தாவின் வெளிச்சமெல்லாம் வேறொரு நாட்டில் பார்த்ததுபோல் ஆகிவிட்டது.

பாலோவில் இறங்கியதும் எதிரே ஒரு காப்பிக் கடை. முதலாளி சீனர். முண்டா பனியனும் தோளில் துண்டுமாக வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுத்தமான தமிழில் கேட்டார்:

"அண்ணே, நீங்கதான பீரோ சாவி?"

கடையே சிரித்தது. ஒரு பெண்மணி, "அரிசிக்குள்ள வச்சா பூச்சி வராதுன்னு எங்க வீட்லயும் வேப்பிலதான் வைப்போம், நீங்க சாவி வைக்கிறீங்க" என்றார். மூலை மேசையில் கதர்ச்சட்டை போட்ட ஒல்லியான மனிதர் எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "வாங்க மாப்ள!"

அப்போதுதான் விஷயம் விளங்கியது. ராசப்பன் அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். எந்தக் கட்சியிலும் இல்லாதவர், சுயேச்சை. ஊரில் அவரை 'வை.பி.' என்கிறார்கள். நம் 'மாண்புமிகு' மாதிரி மலாயில் உள்ள மரியாதைச் சொல்லின் சுருக்கம். அவருக்கு அலுவலகம் கிடையாது. ஆ செங் என்ற அந்தச் சீனரின் கடைதான் அலுவலகம். மேசை நடுவில் கைபேசியைக் கிடத்தி வைத்திருக்கிறார். யார் அழைத்தாலும் ஸ்பீக்கரில் போட்டு, "ஸ்பீக்கரில் இருக்கிறீர்கள், கடையில் எல்லோரும் இருக்கிறார்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார். மாவட்ட அதிகாரி, சாலை ஒப்பந்தக்காரர், மின்சார அலுவலகம், எல்லோருக்கும் அதே சடங்கு. எனக்கு மட்டும் அந்தச் சடங்கைச் செய்ய நான் இடம் கொடுக்கவில்லை. எடுத்ததுமே பீரோவைத் திறந்துவிட்டேனே.

"ஜனங்க குடுத்த பதவி மாப்ள. அந்த போன் என்னுது இல்ல."

"வீட்டம்மா கூப்பிட்டா?"

"அவ கூப்பிடுறதில்ல. ஏதாச்சும் சொல்லணும்னா கடைக்கே நடந்து வந்து காதுல சொல்லிட்டுப் போவா."

பத்திரிகையைக்கூட வீட்டில் வாங்க மறுத்துவிட்டார். கடையில், எல்லோர் முன்பும், வெற்றிலை பாக்குத் தட்டோடு வாங்கி, மணமக்களின் பட்டப்படிப்பு உட்பட முழுப் பத்திரிகையையும் சத்தமாகப் படித்தார். "வேட்டி ஒன்னு, பொடவ ஒன்னு, தங்கச்சி வீட்டுச் சீரு. இதுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்று அறிவித்தார். பூட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பூட்டுறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு மாப்ள?" என்று ஆ செங்கிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருடமாகப் பூட்டு விற்கிறேன். அதற்காக என்னை யாரும் இவ்வளவு சங்கடப்பட வைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை மழை. நான் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்பில் முக்கிக்கொண்டிருந்தேன். (நம் பரோட்டாவின் தூரத்துச் சொந்தம். ஆனால் நம்முடையதைப்போல் அடி வாங்கி வளர்ந்ததில்லை, சொகுசாக வளர்ந்தது.) பக்கத்து மேசையில் சரோஜா அக்கா. முதல் நாள் வேப்பிலையைச் சொன்னவர் இவர்தான். அவருடைய கணவர் மணியத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று தடவை குளுவாங் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மகன்கள் இரண்டு பேரும் கெலாங் பாத்தா பக்கம் அறை எடுத்துத் தங்கி, விடியும் முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. அப்பாவைக் கூட்டிப்போக ஆள் இல்லை. யார் காராவது கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் பஸ். திரும்பி வரும்போது மனிதர் துவண்டு கிடப்பாராம். இந்த மாதிரி நோயாளிகளுக்கென்று ஒரு வேன் விடச் சொல்லி ராசப்பன் சட்டமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"தெக்கால, கெலாங் பாத்தா பக்கம், வேன் நிறுத்த எடம் இல்ல. இங்க ஆளு நிக்குது, வேன் இல்ல" என்றார் என்னிடம். "எந்த ஊருக்கு எவ்வளவு குடுத்தீங்க, ஏன் குடுத்தீங்க, அத வெளிய சொல்லுங்க. நா கேக்குறது அவ்வளவுதான் மாப்ள."

அப்போது கைபேசி ஒலித்தது. நாற்காலிகள் எல்லாம் திரும்பின. ராசப்பன் வழக்கமான சடங்கைச் சொன்னார். எதிர்முனையில், ஆளுங்கட்சிப் பெரிய இடத்து அலுவலகம் ஒன்றிலிருந்து, மிகவும் மரியாதையான ஒரு மலாய்க் குரல். ஆ செங் என் காதருகே குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். மலாயைச் சீனர் தமிழாக்கித் தமிழனுக்குச் சொன்ன அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை டிக்கெட் எடுக்கலாம்.

"வை.பி., இரண்டு நிமிடம் ஸ்பீக்கரை அணையுங்கள். வேன் விஷயம். நல்ல செய்தி" என்றது குரல்.

"நல்ல செய்தியென்றால் எல்லோரும் கேட்கலாமே" என்றார் ராசப்பன்.

"அணைத்தால் நல்ல செய்தி. அணைக்காவிட்டால் செய்தியே இல்லை."

 பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி ராசப்பன் துண்டித்தார். அந்தப் பெரிய இடத்து அலுவலகம் சும்மா வேன் தராது, தங்கள் பக்கம் வந்து உட்காரச் சொல்வார்கள் என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

சரோஜா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "வை.பி., அத அடச்சிட்டுப் பேசுங்க."

"அடச்சிட்டுப் பேசினா நா எத வித்து வேன் வாங்குனேன்னு உங்களுக்கே தெரியாம போயிரும் அக்கா."

"தெரிய வேணாம். நா என்ன பரீட்சையா எழுதப் போறேன்? ஒங்களுக்கு நேர்மை வேணும், எனக்கு வேன் வேணும். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கி மத்தியானம் குளுவாங் போகணும். மழையப் பாத்தீங்கல்ல?"

"இன்னிக்கி அடச்சா நாளைக்கும் அடைக்கணும் லா" என்றார் ஒருவர்.

"ஒன் கிட்னி நல்லாருக்கு, நீ பேசுவ!" என்றார் அக்கா.

ராசப்பன் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க வெளியாளு. ஒங்களுக்கு யாரும் வேண்டியவங்க இல்ல. நீங்க சொல்லுங்க."

 சுற்றுலா விசாவில் வந்தவன் அந்நிய நாட்டு அரசியலில் தீர்ப்புச் சொல்வதா? சுங்க அதிகாரி, சிறை, அரிசி டப்பா எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குள் பாய்ந்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் இல்லை. பூட்டு வியாபாரி, பூட்டே இல்லாத கதவைக் குதிகாலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜொகூரின் எதிர்காலத்திலிருந்து ஒளிந்துகொண்டு நின்றேன்.

பலகைச் சுவர்தான். கடைக்குள் ராசப்பன் பேசுவது கேட்டது. "சரி அக்கா. நம்பர் போட்டாச்சு, ஸ்பீக்கர் அடச்சாச்சு. நீங்களே பேசுங்க. என்ன வேணும்னு கேளுங்க. ஒங்களுக்குச் சரின்னு பட்டா சரின்னு சொல்லிருங்க. நா கட்டுப்படுறேன்."

காலடிச் சத்தம் நெருங்கியது. தனியாகப் பேச இடம் தேடி அக்கா நேராகக் கழிப்பறைச் சுவரோரம் வந்து நின்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகை. அந்த ஊரில் நடந்த ஒரே ரகசியப் பேச்சுக்கு ஒரே சாட்சி நான். எனக்கு மலாய் தெரியாது.

தகரக் கூரையில் மழை அடித்தது. அக்கா பணிவாகப் பேசினார், ம் கொட்டினார், மறுபடி பேசினார். கடைசியாக ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார். பிறகு சத்தமே இல்லை. "ஹலோ? ஹலோ?" என்றார். அது மட்டும் எனக்குப் புரிந்தது.

நான் மெதுவாக வெளியே வந்து அக்காவின் பின்னாலேயே கடைக்குள் போனேன். அக்கா கைபேசியை மேசையில் வைத்தார்.

"அடுத்த மாசம் கூட்டம் இருக்காம். நீங்க அவங்க மேடையில பக்கத்துல ஒக்காரணுமாம். இனிமே அந்த ஊருக்கு எவ்ளோ, இந்த ஊருக்கு எவ்ளோன்னு கேக்கக் கூடாதாம். ஒரு வாரத்துல வேன் வந்துருமாம். நா சரின்னு சொல்லிட்டேன்."

 ராசப்பன் தலையை ஆட்டினார். "சரி அக்கா. வாக்கு வாக்குதான்."

"இருங்க லா, முடிக்கல. எங்க வீட்டுக்காரரு கேப்பாரு, கடையில கேப்பாங்க, யாரு சொன்னாங்கன்னு. அதான், ஒங்க பேரு என்னன்னு கேட்டேன். வெச்சிட்டாரு." அக்காவின் குரல் உடைந்தது. "பேருதான கேட்டேன்? வேற என்ன கேட்டேன்?"

யாரோ கொஞ்சம் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ராசப்பனை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பேசியிருந்தா பேரு கேட்டிருக்க மாட்டீங்க. வேன் வந்திருக்கும்" என்றார். அது உண்மை. ராசப்பன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மத்தியானம் மணியம் அண்ணனை அவரே குளுவாங்குக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் ஏறிக்கொண்டேன். மணியம் துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, "அண்ணே, ஒங்க ஊர்ல ரத்தம் கழுவ என்ன சோப்பு போடுறாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே சிரித்தார். அவரை உள்ளே விட்டுவிட்டு நாங்கள் காப்பியும் சுட்ட ரொட்டியும் சாப்பிட்டோம். குளுவாங் காப்பி கறுப்பாக, கெட்டியாக, பொய் சொல்லத் தெரியாத காப்பி. காலையிலிருந்து மண்டையைக் குடைந்த கேள்வியைக் கேட்டேன்.

"மச்சான், போன அக்காகிட்ட குடுத்தது பாடம் சொல்லிக் குடுக்கவா?"

ராசப்பன் ரொட்டியைக் கீழே வைத்தார். "பாடமா? பயம் மாப்ள. ஸ்பீக்கர எதுக்குப் போடுறேன்னு நெனச்சீங்க? தனியா யாரு வந்து நல்லாப் பேசினாலும் நா சரின்னு சொல்லிடுவேன். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். நாலு பேரு பாத்துக்கிட்டிருந்தாத்தான் இல்லன்னு சொல்ல வாய் வரும். இன்னிக்கி மட்டும் அந்த போன காதுல வச்சிருந்தேன்னா, இந்நேரம் மேடையில நாற்காலி தொடச்சிக்கிட்டிருப்பேன்."

நேர்மைக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பயத்தில் நான் கதவைத் தேடுகிறேன். இவர் அதே பயத்தில் கதவைக் கழற்றி வைத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் குளுவாங்கில் ஒரு ஹார்டுவேர் கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். நல்லதாக ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகும் வாங்கினேன். மறுநாள் காலை, கிளம்பும் முன், ஆ செங்கின் திருப்புளியைக் கடன் வாங்கிக் கழிப்பறைக் கதவில் உள்பக்கமாகப் பொருத்தினேன். ஜொகூர் அரசியலுக்கு நான் ஆற்றிய ஒரே தொண்டு அது. ஆ செங் உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க உள்ளாற கொஞ்சம் நிம்மதியா இருக்கு" என்று குரல் கொடுத்தார். சரோஜா அக்கா அன்று கடைக்கு வரவில்லை.

கல்யாணத்துக்கு ராசப்பனால் வர முடியவில்லை. சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கிய நேரத்தில் நான் அழைத்தேன். அவர் சடங்கை ஆரம்பிக்கும் முன்பே நான் முந்திக்கொண்டேன். "மச்சான், நானும் ஸ்பீக்கர்லதான் இருக்கேன். மண்டபமே கேட்டுக்கிட்டிருக்கு." மேளம் அடங்கியிருந்தது. கோமதி, சம்பந்தி வீட்டார், சமையல்காரர் எல்லோரும் கைபேசியைச் சூழ்ந்து நின்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து காப்பிக் கடை மொத்தமும் மணமக்களை வாழ்த்தியது.

"சரோஜாக்கா இருக்காங்களா?" என்றேன்.

"இருக்கேன் இருக்கேன். வேன் வந்துருச்சு அண்ணே!"

அக்கா பெயர் கேட்க, அந்த ஆள் போனை வைத்த கதை குளுவாங், பத்து பாகாட் வரைக்கும் கடை கடையாகப் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறது. யார் அந்தப் பெயரில்லாதவர் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேன் வந்து நின்றிருக்கிறது. ராசப்பன் எந்த மேடையிலும் ஏறவில்லை.

"ஆனா வேன் மேல பெருசா ஒரு படம் லா, போன தடவ நம்ம வை.பி.கிட்ட தோத்தாரே, அவரு. பல்லு அத்தனையும் தெரியுது. அவருதான் வாங்கிக் குடுத்தாருன்னு எழுதியிருக்கு" என்றார் அக்கா.

பின்னால் மணியம் அண்ணனின் குரல்: "நா ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்துக்கு குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் ஏறுறேன் அண்ணே. பதிலே சொல்ல மாட்டேங்குறான். ஏர்கான் மட்டும் நல்லாருக்கு."

"அப்ப ஓட்டெல்லாம் அவருக்குத்தான போகும் மச்சான்?" என்றேன்.

"போகும் போலத்தான் இருக்கு மாப்ள" என்றார் ராசப்பன். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. "மணியம் நேரத்துக்குப் போறாரு, நேரத்துக்கு வர்றாரு. அந்தப் படத்துக்கு யாரு எவ்வளவு குடுத்தாங்கன்னு அடுத்த கூட்டத்துல கேக்கலாம்னு இருக்கேன்."

கடை சிரித்தது. மண்டபமும் சிரித்தது. வைத்துவிடலாம் என்று நான் கையை நீட்டியபோது ஆ செங்கின் கரகரத்த குரல், கடல் தாண்டி, மைக் வைத்ததுபோல் தெளிவாக வந்தது:

"அண்ணே, பீரோ சாவி இன்னும் அரிசி டப்பாக்குள்ளதான் இருக்கா?"

கோமதி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். சம்பந்தி பார்த்தார். சமையல்காரரும் பார்த்தார். நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.